சுண்டைக்காய் அளவு

காரைக்குடியில், ஏன், சிவகங்கைச் சீமை முழுக்கத் தேடினாலும், அவ்வளவு பயந்து பயந்து போதை ஏற்றிக்கொண்ட மனிதர் வேறொருவர் அகப்படமாட்டார். எங்கள் லாட்ஜில் அடுத்த அறைக்காரரான சுண்டைக்காயைத்தான் சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுப்பவர். எதற்கும் "சுண்டைக்காய் அளவு போதும்" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

அறுபதுகளின் கடைசி அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கஞ்சா லேகியம் சாப்பிடுவார். பிரசவத்துக்குக்கூட யாரும் அத்தனை ஏற்பாடு செய்யமாட்டார்கள். கட்டிலிலிருந்து விழக் கூடாதென்று தரையில் பாய் விரிப்பார். சவரக் கத்தியையும் தீப்பெட்டியையும் லாட்ஜ் மேனேஜரிடம் ஒப்படைப்பார். கிணற்றடிக் கதவைப் பூட்டச் சொல்வார். கடைசியில் அறை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும்: "நான் சாகவில்லை. லேகியம் தின்றிருக்கிறேன். சாயங்காலம் தெளிந்துவிடும்." பிறகு சுண்டைக்காய் அளவு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் அவருடைய அட்டகாசம்.

நான் அரிசி மில் குமாஸ்தா. வயது இருபத்தைந்து. பெரியவர்கள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிறு மாலை கல்லலிலிருந்து எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அது அவருடைய லேகிய ஞாயிறும்கூட. லேகியம் தின்றால் தைரியம் வரும் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் குடுங்கண்ணே."

போலீஸ் விசாரணை மாதிரி ஆரம்பித்தார். "நெஞ்சு படபடப்பு உண்டா தம்பி? வீட்டுல யாருக்காச்சும் சித்தம் கலங்குனது உண்டா? இன்னைக்கு எங்கிட்டாச்சும் போற சோலி, யாரும் வாற சோலி இருக்கா?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன், கூசாமல்.

உருண்டையை நூலால் இரண்டாக அறுத்துப் பாதியை நீட்டினார். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று மீதியைத் தான் தின்னாமல் டப்பாவில் போட்டார்; சிலேட்டு மட்டும் அவர் அறை வாசலில் ஏற்கெனவே தொங்கியது. "மொதத் தடவைக்கு இம்புட்டுப் போதும். இது பீடி மாதிரி ஒடனே தெரியாது. ரெண்டு மணி நேரம்கூட ஆகும். இன்னும் ஏறலையேன்னு மேல திங்கக் கூடாது. எல்லாரும் கவுந்தது அதுலதான்."

அப்போது மணி ஒன்று. முக்கால் மணி நேரம் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. அவர் எனக்காக மோர் வாங்கிவர மெஸ்ஸுக்குப் போன நேரம், டப்பாவைத் திறந்து எலுமிச்சங்காய் பருமனுக்கு எடுத்து விழுங்கினேன்.

மூன்று மணிக்கு என் கால்கள் தேவகோட்டைப் பக்கம் போய்விட்டன. எச்சில் விழுங்குவது எப்படி என்று மறந்துபோயிற்று.

"அண்ணே, நான் மூச்சு விட மறந்துட்டா யாரு விடுவா?"

"அது தன்னால விடும்." டப்பாவைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்தது. "எம்புட்டு எடுத்தீக?"

"சுண்டைக்காய்தான். கொஞ்சம் பெரிய சுண்டைக்காய்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத் துணி போட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணிக்கு ஒரு தடவை சொன்னார்: "நீங்க இருக்கறது லாட்ஜுல தம்பி. மணி மூணேகால். தின்னது லேகியம். தெளிஞ்சிரும்." நானோ என் சாவுக்கு நானே அழுது, துக்கம் விசாரித்து, மூக்கைச் சிந்தி முடித்திருந்தேன்.

நாலு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். மேனேஜர் கைகாட்டி அனுப்பியிருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர், துணைக்கு அவர் மச்சினர். மீசைக்காரர் சிலேட்டை நிதானமாக, எழுத்து எழுத்தாக, சத்தம் போட்டுப் படித்தார்.

"யாரு தம்பி இவுக?" என்றார் சுண்டைக்காய், மெதுவாக.

"பொண்ணு வீடு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

"அந்தச் சிலேட்டு என்னோடதுங்க, தம்பிக்குக் காய்ச்சல்..." என்று அவர் தொடங்குவதற்குள் நான் எழுந்து, மீசைக்காரரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "நான் சாகலை மாமா" என்றேன். வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை.

பத்தாம் நாள் கல்லலிலிருந்து கடிதம். சம்மதமாம். என் முகக்களையை நான் நாலு நாள் கண்ணாடியில் மெச்சிக்கொண்டேன். மில்லில் எல்லோரிடமும், "ஆளைப் பார்த்ததும் மடங்கிட்டாக" என்று பீற்றினேன்.

கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்துத்தான் என் மனைவி உண்மையை உடைத்தாள். பெண் வீட்டார் வந்துபோன மறுநாளே சுண்டைக்காய், அதுவரை ஒரு நாள்கூட லீவு போடாத மனிதர், கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்லலுக்குப் போயிருக்கிறார். வெயிலில் முற்றத்தில் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், தன் லேகிய ரகசியத்தை முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்பித்திருக்கிறார்.

"குடுத்தது நாந்தான். தப்பு என்னோடது. அம்புட்டுப் போதையிலயும் அந்தத் தம்பி வாயில ஒரு கெட்ட வார்த்தை வரலைங்க. ஒங்களைக் கும்புடத்தான் தோணுச்சு. பாத்துச் செய்ங்க."

"கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் மனைவி. "ஒங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? இப்பிடி ஒரு மனுசர் வந்து நிக்கிறாகன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

மூத்தவன் பிறந்தபோது அவர் பார்க்க வந்தார். பிள்ளையை வாங்கப் பயந்து, கையை இரண்டு தடவை கழுவி, தரையில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்த பிறகே மடியைக் காட்டினார். அன்று சாயங்காலம் வரை எங்கள் இருவருக்குமே பிள்ளையைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை.