பதினோரு பாடங்கள்

வெப்சைட்டின் மஞ்சள் பக்கத்தை மெர்வ் கறுப்பாக்கிய பத்தாவது நிமிடத்தில் கிளப் சமையலறையில் போன் அடித்தது.

வெராங்கா லான் பௌல்ஸ் கிளப்பின் போன் மாதத்துக்கு இரண்டு முறை அடித்தாலே அதிகம். அதில் ஒன்று ராங் நம்பராக இருக்கும்.

சமையலறையை ஆளும் நொரீன், ஸ்கோன் என்னும் குட்டி ரொட்டிக்குப் பிசைந்த மாவு ஒட்டிய கையோடு ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மெர்வ், கூனாராவிலேருந்து ஒரு அம்மா. நம்ம பக்கத்தைப் பார்த்தாங்களாம்..."

"ஒண்ணுமே தெரியலைங்கிறாங்களா?"

"அதில்லப்பா, அவங்க..."

"சொல்லாத நொரீன். கறுப்பு மேல சாம்பல் கலர்ல எழுதினா எவன் கண்ணுக்குத் தெரியும்? எனக்கே தெரியல. இனிமே யார் கூப்பிட்டாலும் ஒரு நோட்டுல எழுதி வச்சுடு. வெள்ளிக்கிழமை மொத்தமா படிச்சுக்கறேன். இப்ப கேட்டா எனக்கு வேலை ஓடாது."

"உன் இஷ்டம்," என்று நொரீன் அடுப்பைப் பார்க்கப் போனார்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். புல்தரையில் பந்து உருட்டும் ஈஸ்டர் போட்டி அறுபது வருடமாக வெராங்காவில்தான் நடக்கிறது. போன வருடம் வந்தவை ஒன்பது அணிகள். இந்த வருடம், வரும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதினாறு அணிகள் சேராவிட்டால் போட்டி மில்புரூக் ஊருக்குப் போய்விடும் என்று மாவட்டச் சங்கம் எழுதிவிட்டது. போட்டி போனால் அடுத்த கோடையில் கிளப் கேட்டுக்குப் பூட்டு. திங்கட்கிழமை காலையில் எல்லா ஊர்க் கிளப்புகளுக்கும் வெராங்காவின் வெப்சைட் முகவரியையும் சங்கமே அனுப்பி வைத்தது.

அந்த முகவரியில் இருந்ததோ பழைய செயலாளர் பத்து வருடத்துக்கு முன் செய்து வைத்த ஒற்றைப் பக்கம். முழுக்க மஞ்சள். பூசணிக்காய் அளவுக்குச் சிவப்பில் போன் நம்பர். கீழே நொரீனின் ஸ்கோன் படம். "ஈஸ்டர் சனிக்கிழமை வாங்க" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"மில்புரூக்காரன் வெப்சைட்ல படமெல்லாம் தானா வழுக்கிட்டுப் போகுது," என்றார் தலைவர் கிரேம். "நம்மளது ஊறுகாய் பாட்டில் லேபிள் மாதிரி இருக்கு. யோவ் மெர்வ், உனக்குத்தான் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியும். நீயே பார்த்துக்க."

முப்பது வருடம் கோதுமைக் கிடங்கில் லாரிக்கு எடை போட்டவர் மெர்வ். அவருடைய கைபேசியில் பேசத்தான் முடியும். ஆனாலும் தேடினார். நார்வே நாட்டு அம்மாள் ஒருவர், வெப்சைட் செய்வது எப்படி என்று பன்னிரண்டு பாடம் எழுதி, காசு வாங்காமல் போட்டு வைத்திருந்தார். மெர்வ் மூன்று பாடம் படித்தார், சொன்னபடி எழுதினார், சேமித்தார், திறந்து பார்த்தார். பக்கம் கறுப்பாகியிருந்தது. தான் தட்டிய எழுத்துக்குத் திரை கட்டுப்பட்டதைப் பார்த்து அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பத்து நிமிடம் கழித்து அடித்ததுதான் அந்த முதல் போன்.

செவ்வாய்க்கிழமை கறுப்பைத் துடைத்துவிட்டு, உலகத்தின் நல்ல வெப்சைட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இணையக் காட்சிசாலை ஒன்றுக்குள் நுழைந்தார். அங்கே ஒரு கடல் இருந்தது. கீழே உருட்ட உருட்டத் தண்ணீர் ஆழமானது, வெளிச்சம் குறைந்தது, ஒவ்வோர் ஆழத்துக்கும் உரிய மீன் வந்து எட்டிப் பார்த்தது. எல்லாம் இருண்ட பிறகு, அடியில் ஒரே ஒரு மீன் தன் தலையில் விளக்கை ஏந்திக்கொண்டு நின்றது. மெர்வ் பெருமூச்சு விட்டார். வைத்த தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. கடலையே பார்க்காத கோதுமை ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலின் அடிவரை போய் வந்துவிட்டார். யாரோ ஒரு மனிதன் இதை உட்கார்ந்து செய்திருக்கிறான், யார் வேண்டுமானாலும் பாருங்கள் என்று திறந்து வேறு வைத்திருக்கிறான். நினைக்க நினைக்க அவருக்குக் கண் கலங்கியது.

சாயங்காலத்துக்குள் வெராங்கா பக்கத்திலும் ஓர் ஆழம் வந்துவிட்டது. மேலே புல்தரை. கீழே உருட்டினால் வேர், மண், மண்புழு, இன்னும் மண்.

கிரேம் வந்து மெர்வின் திரையில் உருட்டிப் பார்த்தார்.

"அணி பேர் பதியற இடம் எங்கய்யா?"

"புழுவுக்குக் கீழ."

"ஏன், புதைச்சுட்டியா?"

போன் அடித்தது. உடனே மறுபடியும் அடித்தது. மெர்வ் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை பதிவுப் பொத்தானை மேலே கொண்டுவர, காட்சிசாலையிலிருந்து ஒரு குறும்பான நிரல் துண்டை எடுத்து ஒட்டினார். பொத்தான் மேலே வந்தது. ஆனால் மவுஸ் கிட்டே போனால் விலகி ஓடியது. கிரேம் கால் மணி நேரம் துரத்திவிட்டு, எங்கள் வீட்டுக் கோழிகூட இதைவிட மரியாதை தெரிந்தது என்று சொல்லிப் போனார். அன்று போன் ஆறு தடவை அடித்தது.

"மெர்வ், நோட்டு நிறைஞ்சுக்கிட்டு வருது," என்று கதவுக்கு வெளியிலிருந்து நொரீன் குரல் கொடுத்தார்.

"நிறையட்டும். நான் பண்ணின பாவம்."

வியாழக்கிழமை, வெப்சைட் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்றில், "பொத்தான் ஓடுகிறது, கிளப்பே போய்விடும், உதவுங்கள்" என்று எழுதினார். நாலே நிமிடத்தில் பதில் வந்தது. கானாவிலிருந்து ஒருவர் பிழையைக் காட்டினார். பெருவிலிருந்து ஒருவர் அதைத் திருத்தினார். மூன்றாமவர், "உங்கள் கிளப் பிழைக்கட்டும் ஐயா" என்று மட்டும் எழுதியிருந்தார். முகம் தெரியாத மூன்று பேர் தம் வேலையை விட்டுவிட்டு வெராங்காவைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். மெர்வ் எழுந்து நின்று, திரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

பொத்தான் நின்றது. புழுக்கள் அழகாக நெளிந்தன. ஒன்றோடொன்று ஒட்டும் நிறங்களைப் பொறுக்கித் தரும் இன்னொரு தளம் ஐந்து பச்சைகளைக் கொடுத்திருந்தது. பதினோராவது பாடமும் முடிந்தது. பன்னிரண்டாவதின் தலைப்பு "விடைபெறும் முன்" என்றிருந்தது. நன்றியும் வணக்கமுமாக இருக்கும் என்று மெர்வ் அதைத் திறக்கவில்லை. திரைக்கே நன்றி சொல்லி மூடினார். இப்போது பக்கம் உண்மையிலேயே அழகாக இருந்தது. ஆனால் பதிவான அணிகள், பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். பூஜ்யம்தான். கிரேம் சங்கத்துக்குப் போன் செய்ய எழுந்தார்.

"மன்னிச்சுடு கிரேம். அறுபது வருஷத்தை அஞ்சு நாள்ல முடிச்சுட்டேன்," என்றார் மெர்வ். "நொரீன், அந்த நோட்டைக் கொண்டா. திட்டெல்லாம் வாங்கிக்கறேன்."

"திட்டா?" நொரீன் நோட்டைப் பிரித்தார். "கூனாரா, ரெண்டு டீம். பெல்ட்டன் மூணு. மில்புரூக்கே நாலு டீம் அனுப்புது. மொத்தம் இருபத்தேழு. எல்லாம் வெப்சைட்டைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டாங்க. திங்கக்கிழமையிலேருந்து சொல்ல வர்றேன், நீ வாயைத் திறக்க விட்டாத்தானே."

கிரேம் நோட்டை வாங்கி இரண்டு தடவை கூட்டினார். மெர்வ் நாற்காலியில் உட்கார்ந்தார். நார்வே, கானா, பெரு, அந்த விளக்கு மீன் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அழுவதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஈஸ்டர் சனிக்கிழமை புல்தரையில் கால் வைக்க இடமில்லை. மெர்வ் மைக்கைப் பிடித்து, உலகத்தில் இத்தனை பேர் தெரிந்ததைச் சும்மா அள்ளிக் கொடுக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கிளப் நிற்கிறது என்று பத்து நிமிடம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பேசி முடித்ததும் கூனாரா கிளப்பின் செயலாளர் வில்மா, கையில் ஸ்கோனோடு வந்தார்.

"நார்வே அம்மா பாடமா? நானும் அதைப் படிச்சுதாங்க எங்க கிளப்புக்குப் பண்ணினேன்."

மெர்வுக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆபீஸுக்கு அழைத்துப் போய்த் திரையைக் காட்டினார். வில்மா புழுக்கள்வரை உருட்டிப் பார்த்தார்.

"ரொம்ப அழகுங்க. ஆனா நாங்க பார்த்தது இது இல்லையே. மஞ்சளா ஒண்ணு. பெரிய போன் நம்பரும் இந்த ஸ்கோனும். நம்மளைப் போல மனுஷங்கன்னு உடனே கூப்பிட்டோம்."

"அது பழசுங்க. திங்கக்கிழமையே போயிடுச்சு."

வில்மா தன் கைபேசியில் பக்கத்தை மறுபடி திறந்தார். மஞ்சளாகத்தான் வந்தது. அதையும் மெர்வின் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்கோனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பன்னிரண்டாம் பாடத்தை விட்டுட்டீங்க போல. செஞ்ச பக்கத்தை இந்தப் பெட்டியிலேருந்து உலகத்துக்கு அனுப்பறது எப்படின்னு அதுலதாங்க இருக்கு."