ஜீப் விளக்குக்குப் பல் வைத்தியம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் மகள் நலம், உங்கள் ஜீப்பும் நலம். இந்த மூன்றாவது நலத்தைச் சொல்லத்தான் கடிதமே. உங்கள் உடல்நலத்தையும், நான் செய்து கொடுத்த கீழ்ப் பல்செட்டின் நலத்தையும் அறிய ஆவல். கடிக்கும்போது ஆடினால் என்னிடமே கொண்டு வாருங்கள், வேறு எந்த டாக்டரிடமும் காட்டாதீர்கள்.

மாமா, எரிகிறது. இரண்டு ஹெட்லைட்டும் எரிகிறது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள்தான், "போன தடவையும் எரியுதுன்னுதான் சொன்னீங்க, வந்து பார்த்தா ஊதுனா அணையற மாதிரி இருந்துச்சு, இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க மாப்பிள்ளை" என்றீர்கள். சரி, இதோ எழுத்தில் தருகிறேன். ஷெட்டுக் கதவை உள்ளே சாத்திவிட்டு, ஜீப்புக்கு எதிரே நாற்காலி போட்டு, அந்த ஹெட்லைட் வெளிச்சத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே பட்டப்பகல், உள்ளேயோ அதைவிடப் பிரகாசம். இதைவிட ஒரு சாட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் சொன்ன தீர்ப்பை நான் மறக்கவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு லைட்டும் எரியணும். எரிஞ்சா வண்டி மூத்தவருக்கு, இல்லேன்னா சின்னவருக்கு." உடனே சகலை இலேசாகச் சிரித்துக்கொண்டே, ஜீப்பைத் தன் ஓட்டல் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வைக்கப்போவதாகச் சொன்னார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினேன். குவாரிப் பாறையிலும் காட்டாற்று மணலிலும் நீங்கள் ஓட்டிய வண்டி அது மாமா, அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பூவாளியா? அது மட்டுமில்லை, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பத்தில் ஒரு பல்பு ஃப்யூஸ் போனால்கூடச் சகலைக்குத்தான் போன் போகும். நான் ஸ்டூலில் ஏறினால், "நீங்க இறங்குங்க மாப்பிள்ளை, விழுந்து வைப்பீங்க" என்று நீங்களே ஸ்டூலைப் பிடித்துக்கொள்வீர்கள். ஊரார் வாயில் இத்தனை வருடமாக நுணுக்கமான வேலை செய்கிறவனுக்கு ஒரு திருப்புளியைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அதனால்தான் இந்த ஜீப்பை விட்டுவிடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

முதலில் பல்புகளைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டையும் பிடுங்கினேன். புதிதாக இரண்டு வாங்கி மாட்டினால் அதே சோகை வெளிச்சம், பிடுங்கியவற்றைக் கடைக்காரர் சோதித்துவிட்டு, "இது ரெண்டும் நல்லாத்தானே சார் இருக்கு, எதுக்குக் கழட்டுனீங்க?" என்றார். என் தொழிலில் நல்ல பல்லைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், நான் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்து, ஃப்யூஸ் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. டாஷ்போர்டு சுவிட்சைப் பஞ்சால் துடைத்தேன். பழக்கதோஷம், பஞ்சை அங்கேயே வைத்து, "கொஞ்ச நேரம் அழுத்திக் கடிங்க" என்று வண்டியிடம் சொல்லியும்விட்டேன். உங்கள் மகள் ஷெட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் தெய்வாதீனமாக ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைவாய்ப் பல்லுக்கு என்னிடம் வந்தார். விட முடியுமா மாமா? மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் குழாயும் பஞ்சும் வைத்து, இரண்டு கையும் உள்ளே இருக்கும்போது கேட்டேன், "பழைய ஜீப்புங்க, ரெண்டு ஹெட்லைட்டும் மங்கலா எரியுது, பல்பு புதுசு, எங்க பார்க்கலாம்?" அவர் கண்ணை உருட்டினார், "ஆ" என்றார், பேச வழியில்லாமல் ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டினார். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்பத் தரையையே குத்திக்குத்திக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தரை என்றால் வேறு என்ன, ஜீப்பின் தரையில் இடதுகாலால் மிதித்து வெளிச்சத்தை ஏற்றி இறக்குவோமே, அந்த டிப்பர் சுவிட்ச்தானே? பல்லை அடைத்து முடித்ததும் அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு வாயே திறக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி நானே வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

அன்று சாயங்காலமே டிப்பரைக் கழற்றினேன். துரு ஏறிய திருகு வராததால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டியதாயிற்று, அதனால் தரையில் ஒரு சின்ன ஓட்டை, நீங்கள் ஏறும்போது காலைப் பார்த்து வைக்கவும். சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன், வயர்களில் ஒன்று கொஞ்சம் இடம் மாறிவிட்டது போலிருக்கிறது, டிப்பரை மிதித்தால் ஹார்ன் அடித்தது. அடித்தது என்றால் நிற்கவே இல்லை மாமா. எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "டாக்டர், குழந்தை இப்பத்தான் தூங்குச்சு" என்றார். உங்கள் மகள் அவரிடம், "அவரு வண்டிக்குப் பல்லு புடுங்கறாரு, வண்டி கத்துது, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். வயரைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். ஹார்ன் நின்றது, விளக்கு மட்டும் அதே சோகையாக இருந்தது.

(இடையில் ஒரு விஷயம். எழுத்து இப்போது கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. இந்தக் காகிதமே மட்டமான காகிதம் போல.)

இன்று காலையில்தான் மாமா அந்த அதிசயம் நடந்தது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட, உங்கள் மகள் முன்னால் நின்று எரிகிறதா இல்லையா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வலது இண்டிகேட்டரைப் போட்டேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஏங்க, இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் கூடச் சேர்ந்து கண்ணடிக்குது. எங்கப்பா ஓட்டறப்ப இந்த வண்டி இப்படி ஒரு தடவைகூடப் பண்ணதில்ல." அவ்வளவுதான். எனக்குப் பொறி தட்டியது. என்னிடம் வருகிறவர்கள் மேல்பல் வலிக்கிறது என்பார்கள், தட்டிப் பார்த்தால் சொத்தை கீழ்ப்பல்லில் இருக்கும். வலி ஓரிடம், நோய் வேறிடம். இரண்டு விளக்கும் சேர்ந்து மங்குகிறது, இண்டிகேட்டரோடு சேர்ந்து சிமிட்டுகிறது என்றால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓரிடத்தில்தானே கோளாறு? கரண்ட் போனால் மட்டும் போதுமா, பேட்டரிக்குத் திரும்பி வர வழி வேண்டாமா? வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்பும் அந்த வழிதான் எர்த், அதாவது தரை. அந்த எலெக்ட்ரீஷியன் பாவம், விரல் தேயத்தேயக் காட்டியது அதைத்தான்.

எர்த் வயர்கள் எல்லாம் மட்கார்டுக்குள் ஒரே போல்ட்டில் வந்து சேர்கின்றன. அந்தக் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன், போல்ட் பளபளவென்று பச்சையாக இருந்தது. மாமா, அந்தப் பச்சை நான் அடித்தது. "துரு ஏறாம பாத்துக்குங்க" என்று நீங்கள் சொன்னதற்காக நான் ஜீப்புக்குப் பெயின்ட் அடித்தேன் அல்லவா? வேறு யாராவது அடித்திருந்தால் போல்ட்டுக்கு மேலே பூசிவிட்டுப் போயிருப்பார்கள். நான் பல் அடைக்கிறவன், ஊசிமுனை இடைவெளிகூட விட்டு எனக்குப் பழக்கமில்லை. வயரைக் கழற்றி, அதன் வளையத்துக்கு அடியிலும் உள்ளேயும் இரண்டு பூச்சுப் பூசி, காய வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறேன். கரண்ட் நுழைய ஒரு துளி இரும்பைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

கறை சுரண்டும் கொக்கியை எடுத்து, போல்ட்டையும் வளையத்தையும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, சுவிட்சைப் போட்டேன். ஷெட்டுச் சுவரே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது. உங்கள் மகள் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் ஓட்டையைத் தாண்டிக் காலை வைத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "பரவாயில்லையே, உங்களுக்கும் கை இருக்கு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாமா காத்திருந்தேன். சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதும்விட்டேன்.

(என் கண்ணாடியின் பவரை மாற்ற வேண்டும். வரி கோணலாகப் போகிறது, மன்னிக்கவும்.)

ஆகவே நாளை ஞாயிறு, இருட்டியதும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ரோட்டு வளைவில் இரண்டு வெளிச்சம் வரும். அது நான்தான். சகலையிடம் பூச்செடிகளை வேறு எங்காவது நடச் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம், சின்ன மச்சினிக்கு அன்பு, சகலைக்கும் என் மனமார்ந்த விசாரிப்பு. உங்கள் ஆசி எனக்கும் வண்டிக்கும் எப்போதும் வேண்டும்.

பணிவுடன்,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: மேலே கையெழுத்துப் போட்டது தடவித் தடவித்தான். உங்கள் மகள் ஷெட்டுக் கதவைத் திறந்து, "என்னங்க இருட்டுல உட்கார்ந்து எழுதறீங்க?" என்று கேட்ட பிறகுதான் காகிதத்தின் மேலும் கண்ணாடியின் மேலும் குறை இல்லை என்று தெரிந்தது. எஞ்சினைப் போடாமல் இவ்வளவு நேரம் எரியவிட்டதில் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமென்றால் ஷெட்டு தெருவை விடப் பள்ளம். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்ல உங்கள் மகள் தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள். சகலை வந்துவிட்டார். கையில் பேட்டரி கேபிள் இருக்கிறது, கூடவே ஓர் அளவு நாடாவும் இருக்கிறது. கேபிளை இன்னும் மாட்டவில்லை, பானெட்டின் நீள அகலத்தை அளந்துகொண்டிருக்கிறார். போகிற வழியில் இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுக்கப்போகிறவரும் அவரேதான், உறையை அழுத்தி ஒட்டியிருக்கிறேன். மாமா, இரண்டு விளக்கும் எரிய வேண்டும் என்பதுதான் உங்கள் தீர்ப்பு. எரிந்தன, உங்கள் மகளே சாட்சி. எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை.