பூசையறை வாசலில் ஒரு கறை

மணைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார் காமராஜ். பூசையறை வாசலில், வெள்ளை மார்பிள் கல்லின் நடுவே, கையகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

அவர் வரும்போதே அங்கே கிடந்த பலகைமேல் உட்கார்ந்து, பால் இல்லாத கட்டன் சாயா குடித்ததும் அவர்தான், டம்ளரைத் தட்டிவிட்டதும் அவர்தான். சாயா பலகைக்கு அடியில் ஓடிவிட்டது. துடைத்தார். ஈரம் போனது. கறை போகவில்லை.

போடியில் இந்த வீடு எழும்பிய காலமெல்லாம் அவர் மலைமேல் இருந்தார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. கல் வாங்கியது, பதித்தது எல்லாமே மனைவி ஈஸ்வரி. இனி மலை வேண்டாம், வீட்டோடு இருந்துவிடலாம் என்று இன்று காலை ஜீப்பில் வந்து இறங்கியவரிடம், அவள் பையோடு வாசலில் நின்று சொன்னாள்:

"சிலமலைக்குப் போயிச் சித்தியக் கூட்டிக்கிட்டுச் சாயங்காலம் வந்துர்றேன். எதுக்குன்னு வந்து சொல்றேன், பஸ்சுக்கு நேரமாச்சு. இந்த வீட்டுல உங்க கை பட்ட கல்லு ஒண்ணு கிடையாது. ஒரு பொழுதாச்சும் ஒழுங்காப் பாத்துக்கங்க. வீட்டோட இருக்கறதப் பத்தி அப்புறம் பேசுவோம்."

டம்ளரில் சாயாக் கறை ஏறினால் எலுமிச்சை போட்டுத் தேய்ப்பது தோட்டத்து வழக்கம். ஒரு பழத்தை வெட்டித் தேய்த்தார். மார்பிள் என்பது பூமிக்குள் வெந்து இறுகிய சுண்ணாம்புக் கல். புளிப்புப் பட்டால் கரையும். முதலில் போவது மேலே உள்ள பளபளப்பு. பொடிப்பொடியாக நுரை வந்தது. அழுக்கு வெளியேறுகிறது என்று மகிழ்ந்து இன்னொரு பழத்தையும் வெட்டினார்.

கழுவிப் பார்த்தால் கறை அப்படியே இருந்தது. அதைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புதிதாக ஒரு மங்கல்.

பக்கத்து வீட்டு அருள்பாண்டி எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, வந்ததும் வராததுமாத் தரையப் போட்டுத் தேய்க்கிறீக?"

"சாயா கொட்டிருச்சுப்பா."

"அக்கா வீட்டுலயா?"

"என் வீட்டுல."

"அத அக்கா வந்து சொல்லட்டும்ணே."

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சுசித்ராவுக்குப் போன் போட்டார்.

"எலுமிச்ச கிலுமிச்ச போட்றாதீங்கப்பா."

"சேச்சே."

"மைதாவும் சோடா மாவும் கொழுக்கட்ட மாவு பதத்துல பிசைஞ்சு அப்புங்க. பிளாஸ்டிக் தாளப் போட்டு மூடி ஒரு நாள் விடுங்க. அப்புறம் தாள எடுத்துக் காய விடுங்க."

யோசனை சரியானதுதான். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. முதலில் மாவின் ஈரம் உள்ளே இறங்கிக் கறையை இளக்கும்; மாவு காயும்போது அந்த ஈரம் மேலே ஏறும், கறையும் கூடவே வந்து மாவில் சேரும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஈஸ்வரியோ சாயங்காலம் வந்துவிடுவாள்.

"சூடு குடுத்தா வெரசாக் காஞ்சுரும்" என்றார் காமராஜ், போனை வைத்துவிட்டு அருள்பாண்டியிடம். "ஏலக்காய அப்படித்தான காய வைக்கிறோம்."

"ஏலக்காயும் கல்லும் ஒண்ணாண்ணே?"

"ஈரம் ஒண்ணுதானப்பா."

மாவைப் பிசைந்து கறைமேல் அப்பி, இரும்புச் சட்டியில் கரித் தணலை அள்ளி அதன்மேல் வைத்தார். மாவு அடை போல வெந்து கல்லோடு ஒட்டிக்கொண்டது.

"சட்னி இருந்தாச் சாப்பிட்ருலாம்" என்றான் அருள்பாண்டி.

கல்லில் சூடு மெல்லத்தான் பரவும். சட்டிக்கு அடியில் இருந்த இடம் விரியப் பார்த்தது. சுற்றிக் குளிர்ந்து கிடந்த இடம் வழி விடவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். கல்லில் மூலைக்கு மூலை கோடு விழுந்தது.

காமராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மலைக்குக் கடைசி ஜீப்பு எப்பப்பா?"

"அட இருங்கண்ணே. கொல்லையில மிச்சக் கல்லு சாத்தி வச்சிருக்குல்ல. ஒண்ண எடுத்து மாத்திருவோம். சுத்தியல கொண்டாங்க."

பதித்த கல்லை ஓரத்தில் நெம்பினால் பக்கத்துக் கல் மூளியாகும். அதனால் நடுவில் உடைத்துக்கொண்டு ஓரத்துக்கு வர வேண்டும். அதை மட்டும் இருவரும் ஒழுங்காகச் செய்தார்கள். பழுப்பு, கல்லின் அடிவரை ஓடியிருந்தது.

"சாயா எம்புட்டு ஆழத்துக்கு எறங்கியிருக்கு பாத்தியா. தூள அள்ளிப் போட்டுக் கடுப்பம் கூட்டுனது தப்பாப் போச்சு."

"இதையா தெனமும் வயித்துக்குள்ள ஊத்துறீக?"

அருள்பாண்டி துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்த் தெருக்கோடிச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தான். காமராஜ் சிமெண்ட் குழைத்துப் புதுக் கல்லை வைத்து, மட்டம் பார்த்து, இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் அடைத்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை. அன்று முதன்முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

சாயங்காலம் ஆட்டோவிலிருந்து ஈஸ்வரி இறங்கினாள். பின்னால் சித்தி ராமுத்தாய், கையில் தேங்காய் பழத் தட்டு. இன்னும் இரண்டு ஆட்டோ நிறையச் சிலமலைப் பெண்கள், மாலையும் சூடமுமாக.

"வாங்க சித்தி, வாங்க. வீட்ட நல்லாச் சுத்திப் பாருங்க" என்றார் காமராஜ். "அந்தக் கல்ல மட்டும் மிதிச்சிராதீங்க, ஈரம் காயல."

ஈஸ்வரி பூசையறை வாசலைப் பார்த்தாள்.

ராமுத்தாய் குனிந்து, அந்தப் பளிச்சென்ற வெள்ளைக் கல்லை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடினாள்.

"ஏன் மாப்ள, நேத்து இந்தக் கல்லுக்குள்ள பழுப்பாத் தும்பிக்கையோட பிள்ளையாரு தானாத் தெரிஞ்சாருன்னு இவ ஊரையே கூட்டியாந்திருக்கா, எங்க அவரு?"