நானூற்றுப் பதின்மூன்று கேள்விகள்

ஒரு காட்டில் கோடை வந்தது. கூடவே இணையதளமும் வந்தது. ஊற்றில் ஒரு நாளைக்கு நாற்பத்தோரு பேருக்குத்தான் தண்ணீர் ஊறும். ஆகவே தளத்தில் வரிசை எண்ணைப் பார்த்து, காலை பத்து மணிக்குள் 'வருகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்று சிங்கம் உத்தரவிட்டது. அழுத்தாதவரின் பங்கு சிங்கத்தின் குளியலுக்கு. சிங்கத்தின் வீட்டாருக்குப் பொத்தான் தேவையில்லை.

புள்ளிமான் விடியும்போதே பக்கத்தைத் திறக்கும். திரையில் சக்கரம் சுற்றும். பக்கம் வரும்போது மணி பதினொன்று. குட்டி நாக்கு வறண்டு படுத்துக் கிடந்தது. மூன்று நாளாக இதே கதை.

பார்த்துக்கொண்டிருந்த மரங்கொத்திக்குப் பொறுக்கவில்லை. தளத்தைக் கட்டிய முள்ளம்பன்றியிடம் போனது.

"உங்க தளம் தரவுத்தளத்துகிட்ட என்னதான் கேக்குது? காட்டுங்க."

"அதை நாம எதுக்குங்க பார்க்கணும்? நான் ஒரு வரி எழுதுவேன். கேள்வியெல்லாம் ஃபிரேம்வொர்க்னு ஒரு ரெடிமேட் மென்பொருள் இருக்கு, அதுவே எழுதிக்கும்" என்றது முள்ளம்பன்றி பெருமையாக.

பட்டைக்குக் கீழே பார்க்காமல் மரங்கொத்திக்குத் தூக்கம் வராது. மறைந்திருந்த கேள்விகளைத் திரையில் ஓடவிட்டது.

முதல் கேள்வி: 'பட்டியலில் யார் யார்?' நானூற்றுப் பன்னிரண்டு பேர். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக: 'இவருடைய குடும்பத் தலைவர் யார்?' முதல் நாற்பது தடவையும் ஒரே பதில்: சிங்கம்.

"ஒரே ஆளை நாற்பது தடவையா விசாரிக்கறது!" என்று தலையில் அடித்துக்கொண்டது மரங்கொத்தி. வேறெதுவும் அதற்குத் தோன்றவில்லை. நல்ல பொறியாளர்களுக்குத் தோன்றாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிட்டுப் பறந்தது.

மறுநாள் பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது. மானின் எண் நாற்பத்தொன்று. தாயும் குட்டியும் வயிறு முட்டக் குடித்தன. மரங்கொத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சிங்கத்துக்குக் குளியல் இல்லை. காரணத்தை விசாரித்த சிங்கம், மரங்கொத்தியை வரவழைத்து எல்லார் முன்னிலையிலும் கட்டித் தழுவியது.

"உன்னை மாதிரி ஒரு ஆளு நம்ம குடும்பத்துல இல்லியேப்பா!"

மரங்கொத்தி வெட்கப்பட்டுக்கொண்டே குடும்பத்தில் சேர்ந்தது. நாற்பத்தொன்றாவது எண் கிடைத்தது. அது குடித்தால் எவ்வளவு குடித்துவிடும்? மிச்சம் குளியலுக்குப் போயிற்று.

அடுத்த நாள் விடிந்ததும் புள்ளிமான் பக்கத்தைத் திறந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. 'உங்கள் எண் நாற்பத்திரண்டு. தண்ணீர் இல்லை. எங்கள் சேவை எப்படி?' என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் மின்னின.

"வேகம் எப்படிம்மா?" ஊற்றங்கரையிலிருந்து, அலகைத் துடைத்துக்கொண்டே கேட்டது மரங்கொத்தி.

மான் குட்டியைப் பார்த்தது.

"ரொம்ப வேகம்ண்ணே."

நீதி: பதினொரு மணிவரை காக்கவைத்து இல்லை என்பது நிர்வாகக் கோளாறு, விடிந்ததுமே இல்லை என்பது தொழில்நுட்ப வளர்ச்சி.