கலியமூர்த்தியின் வெளிநாட்டுத் தம்பி

யார் செத்தது என்று தெரியாமலேயே கலியமூர்த்தி அழ ஆரம்பித்துவிட்டார்.

சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே மகள் சரிதா விம்மி விம்மி அழுவது கேட்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினார். சரிதா சுவரில் சாய்ந்து கிடந்தாள். மனைவி கஸ்தூரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஐயோ அத்தே! குள்ளஞ்சாவடியிலேர்ந்து போன வாரம்கூடப் பேசினீங்களே!"

"எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க, வாயை மூடுங்க" என்றாள் கஸ்தூரி. "செத்தது யாரோ பாட்டுக்காரனாம். வெள்ளைக்காரன்."

கலியமூர்த்தி பாதி அழுகையில் நின்றார். வழிந்துவிட்ட கண்ணீரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"டெக்ஸ் மாரோப்பா!" என்றாள் சரிதா. "ராக் பாடகர். இனிமே அவரு பாடவே மாட்டாருப்பா!"

"அவன் பாடினா பாடட்டும், பாடாட்டிப் போகட்டும். நீ எதுக்கு அழுவுற? அவன் என்ன நம்ம பிளாக்கா?"

"ஹாஸ்டல்ல ஒருத்தரும் என்கிட்ட பேசாம இருந்தாங்களே, அந்த வருஷம் பூரா அவரு பாட்டுதாம்ப்பா கூட இருந்துது. உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்கன்னு சொல்லல."

கலியமூர்த்திக்கு நெஞ்சை ஏதோ செய்தது. ஆனால் அந்தப் பாட்டுக்காரனுக்குச் சாக வேறு நாளே கிடைக்கவில்லையா?

அன்று சாயங்காலம் குறிஞ்சிப்பாடியிலிருந்து சரிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் செல்வகுமாருக்குச் சுரங்கத்தில் வேலை. காண்ட்ராக்ட் இல்லை, பெர்மனன்ட். விடிந்தால் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் பெண் பார்க்க வர மாட்டார்கள். அது முடிவதற்குள் பெர்மனன்ட் பையனை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். கலியமூர்த்திக்கோ அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் இதே வாசலில் பந்தல் போட்டு மகளுக்குக் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. பெண்ணுடைய கண்ணோ இரண்டும் வீங்கிச் சிவந்து கிடந்தது.

குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவச் சொன்னார்கள். கழுவினாள். உடனே போன் சிணுங்கியது. மாவட்டத்தில் அந்தப் பாட்டுக்காரனுக்கு இருந்ததே ஏழெட்டு ரசிகர்கள்தான். அத்தனை பேரும் வாட்ஸ்அப் குழுவில் அழுது அழுது அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சரிதா மறுபடி ஆரம்பித்தாள். கலியமூர்த்தி போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். அதுவரை விம்மிக்கொண்டிருந்தவள் இப்போது ஓவென்று கதறினாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் சுப்பிரமணியன் வந்துவிட்டார்.

பிளாக்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பவர் அவர். நாற்காலி, ஷாமியானா, ஃப்ரீசர் பாக்ஸ், பேனர் என்று எல்லாவற்றுக்கும் அவர் போனில் ஆள் உண்டு. நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"என்ன சார், யாரு?" என்றார், குரலை இறக்கி.

கலியமூர்த்தி யோசித்தார். பாட்டுக்காரனுக்காகப் பெண் அழுகிறாள் என்று இங்கே சொன்னால், அது குறிஞ்சிப்பாடி போய்ச் சேரும்போது பாட்டுக்காரனோடு பெண் ஓடிப்போனாள் என்று ஆகியிருக்கும்.

"சொந்தத்துல ஒருத்தரு. எனக்குத் தம்பி முறை."

"எப்ப எடுக்கறீங்க?"

"வெளிநாட்டுல இருந்தாரு. அங்கயே எடுத்துடறாங்க." இத்தோடு ஒழிந்தது என்று நினைத்தார்.

"அடக் கடவுளே! கடைசியா முகத்தைக்கூடப் பார்க்க முடியாதா?" சுப்பிரமணியனின் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்தார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கின. ஷாமியானாவுக்குக் கம்பு நட்டார்கள்.

"பாடியே வரலியே, பந்தல் எதுக்குங்க?"

"விசாரிக்க வர்றவங்க வெயில்லயா நிப்பாங்க? நீங்க உள்ள போய் அழுங்க சார், நாங்க பார்த்துக்கறோம்."

கலியமூர்த்தி ஆசைப்பட்ட பந்தல் வந்துவிட்டது. செகண்ட் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண் சிவந்திருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். "அடக்காதீங்க கலியமூர்த்தி, அழுதுடுங்க" என்றார் ஒருவர். உண்மையிலேயே அழ வேண்டும்போலத்தான் இருந்தது.

துக்க வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இட்லியும் தயிர்சாதமும் கொண்டுவந்தார்கள். உள்ளே கஸ்தூரி மாப்பிள்ளை வீட்டாருக்காக நெய்யில் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "என்னக்கா, கேசரி வாசனை வருது?"

"செத்தவருக்குக் கேசரின்னா உசுரு" என்றாள் கஸ்தூரி, நொடியும் தயங்காமல். "படைக்கறதுக்கு."

"எண்ணெய் சட்டியும் காயுதே?"

"பஜ்ஜியும் புடிக்கும்."

"பாவம், ஆசையா சாப்பிடற மனுசன்" என்று அந்தப் பெண்கள் அழுதார்கள். தன் வீட்டில் இத்தனை வருஷமாக இப்படியொரு பொய்க்காரி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தது கலியமூர்த்திக்கு அன்றுதான் தெரிந்தது.

இதற்கிடையில் சுப்பிரமணியன் சரிதாவிடம் போய், "அவரு போட்டோ ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறார். காலையிலிருந்து டெக்ஸ் மாரோவைப் பற்றி அன்பாகக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். அலமாரியிலிருந்து போனை எடுத்து, தனக்கு ரொம்பப் பிடித்த படத்தை அனுப்பிவிட்டாள். இது கலியமூர்த்திக்குத் தெரியாது.

"வந்துகினே இருக்கோம், பிளாக்குக்கு எப்படித் திரும்பணும்?" என்று மாப்பிள்ளையின் அப்பா மணிமாறன் போன் செய்தபோது கலியமூர்த்தி பந்தலில் ஏழு பேருக்கு நடுவில் இருந்தார்.

"தலை சுத்துது, கொஞ்சம் படுக்கறேன்" என்று உள்ளே போய், வாசல் கதவைச் சாத்தி, பின்கட்டு வழியாக வெளியேறி, முருங்கை மரத்தைச் சுற்றிச் சந்து முனைக்கு ஓடினார். காரை மறித்து, பின்பக்கம் நிறுத்தச் சொன்னார்.

"முன்னால வழி இல்லீங்களா?" என்றார் மணிமாறன்.

"பைப் வேலை நடக்குதுங்க. தோண்டிப் போட்டுட்டாங்க."

துணி துவைக்கும் கல்லையும் கோழிக் கூண்டையும் தாண்டி மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மணிமாறன், பையன், பையனின் பெரியம்மா சின்னம்மாள். பையன் வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. சின்னம்மாள் கேசரித் தட்டைக் கையால் தள்ளி வைத்தாள்.

"மொதல்ல முறை. அப்பறந்தான் இனிப்பு. உங்க குலசாமி எது? எந்த வகையறா?"

கலியமூர்த்தி மூன்று தலைமுறையை ஒப்பித்தார். சின்னம்மாள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, "பங்காளி இல்ல. மாமன் மச்சான் முறைதான்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகே கேசரியைத் தொட்டாள்.

சரிதா காபி கொண்டுவந்தாள்.

"பொண்ணுக்கு என்ன, கண்ணு இப்பிடிச் செவந்திருக்கு?"

"மெட்ராஸ் ஐ" என்றாள் கஸ்தூரி.

"அட, எங்க பையனுக்கும் அதேதாங்க!" என்று மணிமாறன் உற்சாகமாகச் சொன்னார். "அதான் கண்ணாடி. கழட்டாதடா!"

பையன் சரிதாவைப் பார்த்தான். சரிதா பையனைப் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் தலையாட்டியாகிவிட்டது. "இன்னிக்கே பூ வெச்சுடலாம்" என்றாள் சின்னம்மாள். கலியமூர்த்திக்குக் காலையிலிருந்து போன மூச்சு திரும்பி வந்தது. வாசலில் இருக்கிற பந்தலை அப்படியே வைத்துக்கொண்டால்கூடத் தேவலை என்று தோன்றியது. கஸ்தூரி பூத்தட்டை எடுத்து வந்தாள்.

வாசல் கதவு திறந்தது.

"கலியமூர்த்தி சார், பேனர் வந்துடுச்சு. எங்க கட்டலாம், பாருங்க" என்று சுப்பிரமணியன் கூடத்தின் நடுவே அதை விரித்தார்.

கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் தோள்வரை முடி, மார்வரை தாடி, மூடிய கண்களோடு டெக்ஸ் மாரோ. கையிலிருந்த கிட்டாரை எடுத்துவிட்டு, நெற்றியில் விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். கீழே, 'எங்கள் அன்புத் தம்பிக்கு, கலியமூர்த்தி குடும்பத்தார்.'

அவருக்குப் பின்னால் வாசல்படியை அடைத்துக்கொண்டு பாதி பிளாக் நின்றது.

சரிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் மோவாய் நடுங்கியது. கலியமூர்த்தி மணிமாறனைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், கொண்டுவந்த இட்லிப் பாத்திரத்தோடு நின்ற பெண்களைப் பார்த்தார். இனிமேல் எந்தப் பக்கம் உண்மையைச் சொல்ல?

"எனக்குத் தம்பி முறைங்க" என்றார், ஈனக் குரலில். "வெளிநாட்டுல... காலையிலதான்..."

மணிமாறன் பேனரையே வெறித்தார். அவர் நெற்றியில் குப்பென்று வேர்த்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"சாவு எந்த வூட்லதாங்க இல்ல?" என்றார் அவர் அவசர அவசரமாக. "தீட்டு கீட்டெல்லாம் நாங்க பாக்கறதில்ல. அதைச் சுருட்டுங்க சார் மொதல்ல. பூவை வைங்க, பூவை வைங்க!"

இப்படியும் ஒரு சம்பந்தியா என்று கலியமூர்த்தி உருகிப்போனார். கையெடுத்துக் கும்பிட்டார்.

சின்னம்மாள் மட்டும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனருக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"ஏம்ப்பா மணிமாறா, காலையிலேர்ந்து நம்ம செல்வகுமாரு மாலை போட்டு வெச்சு அழுதுகினு கெடக்கிற படம், உன் வெளிநாட்டுத் தம்பின்னு எனக்குச் சொன்னியே, இதே ஆளுதான? உனக்கும் தம்பி, இவருக்கும் தம்பின்னா, பொண்ணும் புள்ளயும் அண்ணன் தங்கச்சில்ல ஆவுது!"