ஆமாம் போடும் மணல்

அந்தக் கடற்கரையின் மணல் சத்தம் போடும். காலை வைத்து அழுத்தினால் 'கீச்' என்னும். புதுச் செருப்புப் போட்டவன் நடக்கிற மாதிரி ஒரு சத்தம். காலங்காலமாக அது பாட்டுக்குக் கீச்சிட்டுக்கொண்டு கிடந்தது. வலை இழுப்பவர்கள் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். குழந்தைகள் குதித்து விளையாடினார்கள். யாரும் அதனிடம் போய்ப் புத்திமதி கேட்கவில்லை.

பிறகுதான் மணலையா வந்து சேர்ந்தார். வந்த பின்னர்தான், மணல் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருந்தது என்ற உண்மை மனித குலத்துக்குத் தெரிந்தது. கீச் என்றால் 'ஆமாம்'. சத்தம் வராவிட்டால் 'வேண்டாம்'. மொத்த மொழியே இவ்வளவுதான். இவ்வளவு சின்ன மொழிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அந்தப் பாரத்தை மணலையா மனமுவந்து தோளில் சுமந்தார்.

இப்போது பேருந்து நிறுத்தத்திலிருந்தே வரிசை. வரிசையின் ஓரத்தில் குடை, தண்ணீர் பாட்டில், நாற்காலி வாடகை. சின்னச் சின்னக் குப்பிகளில் மணலும் விற்றார்கள். வீட்டுக்குப் போனதும் அது பேசாது, பயணக் களைப்பாம்.

அந்த வரிசையில் அக்கா தங்கை இருவர், அவர்களில் மூத்தவளும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காது மருத்துவமனையில் நோயாளிகளின் காதில் ஹெட்போனை மாட்டி, எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது அவள் வேலை. அவளுக்கு முன்னால் தங்கை. தங்கைக்கு முன்னால் தங்கையின் கணவர், கைபேசியில் மணலையாவின் பெருமைகளைப் பார்த்து உருகியபடி.

தங்கைக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பெரிதாகிக்கொண்டே இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாளும் குறித்தாகிவிட்டது. அன்றிலிருந்து தங்கை சரியாகத் தூங்கவில்லை. மூத்தவள் எடுத்துச் சொன்னாள், கெஞ்சினாள், ஒரு நாள் சத்தமும் போட்டாள். "மணல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்றேன்க்கா" என்பதுதான் பதில்.

கடைசியில் மூத்தவள் தானும் வருவதாகச் சொன்னாள். ஏன் வந்தாள்? தங்கையைத் தனியாக விட மனமில்லாமல் வந்ததாக அவள் நினைத்துக்கொண்டாள். வரிசை நகர நகர, உள்ளே வேறொன்றும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மணல் 'ஆமாம்' என்று சொல்லித் தொலைத்தால் நல்லது. தன்னால் முடியாததை மணல் முடித்துக் கொடுத்தால், பெருமையை அதுவே வைத்துக்கொள்ளட்டும். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வரிசையை விட்டு அவள் விலகவும் இல்லை.

முதலில் கூடாரம். கேள்வியை மணலையாவிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். தப்பாகக் கேட்டால் மணல் கோபித்துக்கொள்ளுமாம். வெளியே சொம்போடு ஒரு பெண் நின்று காலில் தண்ணீர் ஊற்றுவாள். அதன் பிறகு வெறுங்காலோடு மணலில் இறங்கி, மிதித்துக் கேட்க வேண்டும்.

இவர்களுக்கு முன்னால் போனவர் மூட்டுவலிக்கார மெக்கானிக். "ஐயாவோட எண்ணெயத் தேச்சா சரியாகுமா?" என்று கேட்டு மிதித்தார். கீச், கீச், கீச். மணலுக்கு எண்ணெய் மீது அப்படி ஒரு பாசம். அதற்கு முந்தியவர் கண் மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டபோது அது வாயே திறக்கவில்லை. மருத்துவர்களோடு மணலுக்கு என்ன வாய்க்கால் தகராறோ, யாருக்குத் தெரியும்?

தங்கையின் முறை வந்தது.

"ஐயா, வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணணுங்குறாங்க. பண்ணிக்கலாமா?"

மணலையா கண்ணை மூடினார். வலித்தது போல முகத்தைச் சுருக்கினார். "கத்தி வைக்கலாமான்னு கேளும்மா. சுருக்கமா கேட்டாதான் அதுக்குப் பிடிக்கும்." பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "பொண்ண மெதுவா கூட்டிட்டுப் போ."

சொம்புக்காரி தண்ணீரைத் தாராளமாக ஊற்றினாள். தங்கை கால் சொட்டச் சொட்டப் போய் நின்றாள். "கத்தி வைக்கலாமா?" என்று கேட்டு மிதித்தாள்.

சத்தமே இல்லை.

இன்னொரு முறை மிதித்தாள். ஈர மணல் பாதத்தில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு கணம், ஒரே கணம், மூத்தவளும் நம்பினாள். தங்கை சாகப் போகிறாள் என்று மணலுக்குத் தெரிந்துவிட்டதோ என்று மிரண்டாள். பயம் வந்தால் படிப்பு எங்கேதான் போய் ஒளிந்துகொள்கிறதோ.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா" என்றார் தங்கையின் கணவர். "மணலே வேணாங்குது."

தங்கை அழவில்லை. "அப்பாடா" என்றாள். அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. மூத்தவளை அதுதான் நிஜமாகப் பயமுறுத்தியது. தங்கை கைபேசியை எடுத்து மருத்துவமனை எண்ணைத் தேட ஆரம்பித்தாள். "ஆபரேஷன் வேணாம்னு இப்பவே சொல்லிடுறேன்க்கா."

"கொஞ்சம் இரு" என்றாள் மூத்தவள். "எனக்கும் ஒரு கேள்வி இருக்கு."

"மொதல்ல ஐயாகிட்ட சொல்லணும்" என்றாள் சொம்புக்காரி.

"அவர்கிட்ட அப்பறமா சொல்லிக்கிறேன். நீங்க ஊத்துங்க."

தண்ணீர் விழுந்தது. மூத்தவள் பையிலிருந்து துண்டை எடுத்து, விரலிடுக்கு வரை காலைத் துடைத்தாள்.

"தொடைக்கக் கூடாதும்மா."

"முன்னாடி போனாரே, எண்ணெய்க்காரரு, அவருக்கு நீங்களே தொடச்சு விட்டீங்க. நான் பாத்துக்கிட்டுதானே நின்னேன்."

"அது... ஐயா 'பாத்துக் கூட்டிட்டுப் போ'ன்னா தொடைக்கணும். 'மெதுவா'ன்னா தொடைக்கக் கூடாது." சொல்லிவிட்டுச் சொம்புக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு ஊற்றத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பொய் சொல்ல அல்ல.

மூத்தவளின் மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்காத ஒலியைக் கேட்டதாகச் சொல்லும் ஆட்கள் நிறைய. அதனால் நடுவில் ஒரு முறை ஒலியே அனுப்பாமல் நோயாளியின் முகத்தைப் பார்ப்பாள். அப்போதும் கேட்டதாக ஒருவர் கையைத் தூக்கினால், அவர் மற்ற முறை தூக்கியதற்கும் மதிப்பில்லை. இதை மணலிடம் முன்பே செய்திருக்கலாம். தோன்றவில்லை. உள்ளூர அவளுக்கும் ஒரு 'ஆமாம்' தேவைப்பட்டதே.

அவள் மணலில் இறங்கினாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு மிதி மிதித்தாள்.

கீச்.

கூட்டம் 'ஆகா' என்றது. மணலையா கூடாரத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். "ஆமான்னு சொல்லிடுச்சும்மா. நீ கேட்டது நடக்கும்."

"நான் ஒண்ணுமே கேக்கலையே. எதுக்கு ஆமாங்குது?"

"மனசுல ஏதாவது நெனச்சிருப்ப. அது மணலுக்குத் தெரியும்."

"சரி, இப்ப வாய்விட்டே கேக்குறேன். மணலே, இவரு சொல்றதெல்லாம் புளுகா?"

கீச்.

எங்கோ ஒருவர் சிரித்தார். அடுத்த கணம் முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கன்னத்தில் கை வைத்தார். "பாருங்க, மணலே காட்டிக் குடுத்துடுச்சு. என்னா சக்தி!" நாலைந்து பேர் மணலை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மூத்தவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு மோசடியைப் போட்டு உடைத்தால், உடைந்த துண்டையும் பொறுக்கிக் கும்பிடுகிறார்களே.

"அவசரப்படாதீங்க. இன்னொண்ணும் கேட்டுடுவோம். மணலே, இவரு சொல்றதெல்லாம் நெசமா?"

கீச்.

கூட்டம் குழம்பியது. குழம்புவதற்கும் கொஞ்சம் மூளை வேலை செய்ய வேண்டும். ஆகவே அது நல்ல அறிகுறி.

மூத்தவள் மண்டியிட்டுத் தங்கையின் பாதங்களைத் துடைத்தாள். அவை சில்லிட்டிருந்தன. "இப்பக் கேளு."

"வேணாம்க்கா."

"ஒரு தடவ கேளுடி."

"கத்தி வைக்கலாமா?" கீச். தங்கையின் முகம் வெளுத்தது. வெகு நேரம் தன் கால்களையே பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே அந்தக் காலைத் தூக்கி வேறோர் இடத்தில் வைத்தாள். "வைக்க வேணாமா?" கீச். சொம்பைத் தானே வாங்கிக் காலில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கேள்விகளையும் மறுபடி கேட்டாள். இரண்டுக்கும் சத்தமில்லை.

"காஞ்ச காலுக்குச் சத்தம் வருது, ஈரக் காலுக்கு வரல. அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான்."

அதற்குள் அவள் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய்ச் சோதித்துக்கொண்டிருந்தார். "எனக்குப் புரமோஷன் கெடைக்குமா?" கீச். "கெடைக்காதா?" கீச். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். "எங்க மேனேஜர் மாதிரியே பேசுதுக்கா."

பிறகு யாரை யார் தடுப்பது? ஆளாளுக்குக் காலைத் துடைத்துக்கொண்டு மணலில் இறங்கினார்கள். கடற்கரையே கீச்கீச்சென்று அலறியது. மெக்கானிக் எண்ணெய்க் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "எங்க வீட்டு அடுப்படியில இருக்குற அதே எண்ணெய்தான்யா இது" என்று மணலையாவைத் தேடினார். மணலையா கூடாரத்தின் பின்பக்கமாக வேகமாக நடந்துகொண்டிருந்தார். அவர் காலுக்கடியிலும் மணல் விடாமல் 'ஆமாம்' போட்டது.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. கால்களை நீட்டி மணலில் உட்கார்ந்துவிட்டாள். "இதுவும் இல்லன்னா, எனக்கு யாருக்கா சொல்லுவா?"

"உள்ள ஸ்கேன் பண்ணிப் பாத்தவங்க சொல்லுவாங்க. பயமா இருந்தா, பயமா இருக்குன்னு அவங்ககிட்டயே சொல்லு. வேற டாக்டர்கிட்டயும் கேக்கலாம், நான் கூட வர்றேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு" என்றாள் மூத்தவள். இத்தனை நாள் நடந்த சண்டையில் அவள் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

தங்கை அவளைப் பார்த்தாள். பிறகு கைபேசியில் மருத்துவமனையை அழைத்தாள். "அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சில கேள்வி கேக்கணும். இல்ல, தேதிய மாத்த வேணாம். கேள்விதான், நெறைய இருக்கு."

அவர்கள் கிளம்பியபோது, வரிசையில் நின்றிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஊரில் ஒரு கிணறு இருக்கிறதாம். எட்டிப் பார்த்து ஒரு பேரைச் சொன்னால், அதே பேரைத் திருப்பிச் சொல்லுமாம்.

மணலுக்குத் தலை கிடையாது. மிதித்தவர்களுக்கெல்லாம் அது ஆமாம் போட்டது. அதன் மேல் குற்றமில்லை. தலை இருக்கிறவர்களே, நீங்கள் எதற்கு ஆமாம் போட்டீர்கள்?