இருநூற்றுப் பதினோரு கேள்விக்குறி

இந்தத் தேர்தலில் எங்கள் தெருவிலிருந்து ஒரு ஓட்டுகூட வெளியே கசியக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது எனக்குப் புதிதல்ல. விலைவாசி இறங்கும்வரை சட்டை போடுவதில்லை என்று ஒருமுறை முடிவெடுத்து, மார்கழிக் குளிரில் பதினோரு நாள் வெறும் உடம்போடு காட்டுப்பாக்கம் முழுக்கத் திரிந்தவன் இந்தக் கஜபதி. விலைவாசி இறங்கவில்லை. ஜுரம் ஏறியது. பன்னிரண்டாம் நாள் என் மனைவி தாயம்மாள் சட்டையை மாட்டிவிட்டாள். நான்தான் மாட்டிக்கொண்டதாக நோட்டீஸ் அடித்தேன்.

ஆறு முறை சிறை சென்றவன். பள்ளிப் படிப்பு எட்டாவது. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். என்னோடு போஸ்டர் ஒட்டியவன் இன்று காரில் போகிறான். நான் பசை வாளியோடு சைக்கிளில் போகிறேன். கசப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் தினமும் குடிக்கிற பாகற்காய்ச் சாறு அளவுக்கு இருக்கிறது.

எண்பத்தொன்பதாம் வருடத் தேர்தல். நாலு முனைப் போட்டி. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களையெல்லாம் கூட்டினார்கள். தொகுதிப் பொறுப்பாளர் என்று ஜானகிராமன் வந்திருந்தார். முப்பது வயது. ஒரு வேளைகூட ஜெயில் களி தின்னாத உடம்பு.

"அண்ணன்மாரே, இனிமே கோஷம் போட்டு ஜெயிக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் ஜெயிக்கணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கோஷம் போட்டே தொண்டை போனவன் நான். ஆனால் அவர் சொன்ன திட்டத்தைக் கேட்கக் கேட்க, எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை!

ஓட்டு நாலாகப் பிரியும். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் சட்டமன்றம். அந்த முப்பத்தைந்தை எங்கே தேடுவது? ஆளுக்கு ஒரு வாக்காளர் பட்டியலைக் கொடுத்தார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு குறி போட வேண்டும். நமக்கே போடுகிறவர்களுக்கு டிக். எதிரிக்குப் போடுகிறவர்களுக்கு இன்ட்டு. இன்னும் முடிவு பண்ணாதவர்களுக்குக் கேள்விக்குறி.

"டிக் போட்ட வீட்டுக்குப் போகாதீங்க. அது நம்ம சட்டைப் பையில இருக்கு. இன்ட்டு போட்ட வீட்டுக்கும் போகாதீங்க. நாயை அவுத்து விடுவான். நம்ம குறி, கேள்விக்குறி! நேரம், ஆளு, காசு, கும்பிடு எல்லாம் அங்கேதான்."

எங்கள் வேட்பாளர் சம்பத், போர் போடும் லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். வட்டத்துக்கு ஒரு அடிபம்பு அவர் செலவில் போட்டுத் தருவதாக ஏற்பாடு. எந்தத் தெருவில் கேள்விக்குறி அதிகமோ அந்தத் தெருவுக்கு. அது மட்டுமா? எவன் தெருவில் டிக் அதிகமோ, அவன் தேர்தல் முடியும்வரை ஜீப்பில் போய் மைக் பிடிக்கலாம்.

ஜீப்! மைக்! நான்!

பூந்தமல்லியிலிருந்து காட்டுப்பாக்கம் வரை சைக்கிளை மிதித்தேனா பறந்தேனா தெரியாது. வீட்டுக்கு வந்து பாயை விரித்தேன். பட்டியலைப் பிரித்தேன். எங்கள் தெருவில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. யாரையும் போய்க் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? என் தெரு! பத்தே நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு டிக்.

தாயம்மாள் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு உள்ளே வந்தாள். டிரங்க் ரோட்டைத் தாண்டி, அரிசி மில் தொட்டியில் பிடித்து, மறுபடியும் டிரங்க் ரோட்டைத் தாண்டி வர வேண்டும். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. துணி வெளுக்காது. தவளை மட்டும் வாழும்.

"இன்னாய்யா, பரிச்சைப் பேப்பர் திருத்துறியா? எல்லாத்துக்கும் சரின்னு போட்டுகினு கீறே?"

"இது பரிச்சை இல்லை தாயம்மா. வியூகம்!"

"அப்டீன்னா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிக், இன்ட்டு, கேள்விக்குறி, ஜீப், மைக். ரகசியம் காப்பதற்காகவே போலீஸிடம் அடி வாங்கியவன் நான். லத்திக்குச் சொல்லாததை ஒரு டம்ளர் டீக்குச் சொன்னேன்.

"அடிபம்பு?" என்றாள் தாயம்மாள். மற்றதெல்லாம் அவள் காதில் விழவே இல்லை.

"அது பின்னாடி தெருவுக்குப் போகும். அங்கே எப்படியும் அறுபது கேள்விக்குறி தேறும்."

"நம்ம தெருவுக்கு?"

"நமக்கு எதுக்கு? நம்ம தெரு கோட்டை!"

"கோட்டையில கீறவங்களுக்குத் தண்ணி வாணாமா?"

"தாயம்மா, லட்சியவாதிகள் தியாகம்..."

"யோவ், நோட்டீஸ் படிக்காதே. மூணு மாசம் முன்னாடி ஞானகுமாரி குடத்தோட ரோட்டைத் தாண்டசொல்லோ லாரிக்காரன் குடத்தை அடிச்சிகினு போனான். ஒரு சாண் தள்ளியிருந்தா அவளையே அடிச்சிருப்பான். அது இன்னா, உன் தியாகமா?"

"கட்சி ஜெயிக்கட்டும். ஆட்சி வரட்டும். அப்புறம் பாலாறும் தேனாறும்..."

"எனுக்குத் தேனு வாணாம். பருப்பு வேகணும்."

அதன்பிறகு அவள் பேசவில்லை. போலீஸ் பேசாமல் நின்றால் அடுத்து லத்தி வரும் என்று எனக்குத் தெரியும். மனைவி பேசாமல் நின்றால் என்ன வரும் என்று எந்தப் பிரசுரத்திலும் போடவில்லை. பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜானகிராமன் அசந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சரிபார்ப்பதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் எதிர்வீட்டு ஞானகுமாரி என்னைப் பார்த்தாள். அவள் கணவர் எட்மண்டுக்கு ஆவடி பேக்டரியில் வேலை. அரசாங்க உத்தியோகம் என்பதால் அவர் தூக்கத்தில்கூட அரசியல் பேசமாட்டார். வீட்டில் ஓட்டு விஷயம் ஞானகுமாரிதான்.

"அண்ணாத்தே, இந்தத் தபா யோசிக்கணும்" என்றாள்.

"என்னத்தை?"

"ஓட்டைத்தான்."

"பன்னெண்டு வருசமா நமக்குத்தானே போடுறே?"

"அதான் அண்ணாத்தே. பன்னெண்டு வருசமா யோசிக்கவே இல்ல. தப்பு இல்லியா?"

பதறிப்போய் அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அங்கம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "யோசிக்கணும் அண்ணாத்தே" என்றாள். அதற்கடுத்த வீட்டில் புஷ்பா. "யோசிக்கணும்." அவள் கணவனைக் கேட்டேன். அவன் புஷ்பாவைப் பார்த்தான். "யோசிக்கணும் மாமே" என்றான்.

தெரு முழுக்க ஒரே வார்த்தை! ஒரே ராகம்! ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. முப்பது வருடம் ஊர்வலத்தில் கோஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். இவ்வளவு ஒழுங்காக என் பின்னால் எவனும் திருப்பிச் சொன்னதில்லை.

எதிரிகளின் சதி என்று உடனே கண்டுபிடித்தேன். எவனோ ஊடுருவிவிட்டான்! தெருமுனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். "துரோகிகளே!" என்று ஆரம்பித்தேன். இரண்டு மாடும் ஒரு பால்காரரும் இருந்தார்கள். பால்காரர் வெள்ளானூர்க்காரர். அவருக்கு இந்தத் தொகுதியில் ஓட்டே இல்லை.

"தாயம்மா! தெருவே கைவிட்டுப் போச்சு!" என்று வீட்டுக்குள் ஓடினேன்.

"அய்யய்ய! அப்டியா?" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

"ஞாயித்துக்கிழமை ஜானகிராமன் வர்றாரு. என் மானம் போயிடும். ஜீப் போயிடும்!"

"ஏன் கண்ட ஊட்டுக்கும் இட்டுகினு போறே? நேரா நம்ம ஊட்டுக்கு இட்டாந்துடு. டீ போட்டுத் தர்றேன். குடிச்சிட்டுப் போயிடட்டும்."

என்ன மூளை! என்ன மூளை! இவளைப் போய் நான் சாதாரணமாக நினைத்தேனே என்று உருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜானகிராமன் வந்தார். தெருமுனையிலேயே அவரைக் கையோடு பிடித்து, இரண்டு பக்கமும் பார்க்கவிடாமல் வீட்டுக்குள் தள்ளினேன். தாயம்மாள் டீ கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். மரியாதைக்காகத்தான் கேட்டார்.

"அம்மா, உங்க ஓட்டு நமக்குத்தானே?"

தாயம்மாள் முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"யோசிக்கணுங்க" என்றாள்.

ஜெயிலில் ஒருமுறை மேலே விழுந்த அலுமினியத் தட்டுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. ஜானகிராமன் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பட்டியலை எடுத்தார். பென்சிலை எடுத்தார். என் டிக்கை அழித்தார்.

"என்னம்மா யோசனை?"

"குடத்தைத் தூக்கிகினு டிரங்க் ரோட்டுல நிக்கசொல்லோ யோசனை வரும்ங்க. லாரி வந்தா யோசனை வுட்டுப்போயிடும். அதான் இன்னும் முடிக்கல."

"இந்தத் தெருவுல உங்களை மாதிரி எத்தனை பேர் யோசிக்கிறாங்க?"

"வாசல்ல கீறாங்க. நீங்களே கேளுங்க."

வெளியே வந்தோம். கோயிலிலிருந்து திரும்பிய ஞானகுமாரியில் தொடங்கி, தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். இடுப்பில் காலிக் குடம். முகத்தில் யோசனை. ஆண்கள் பின்னால் நின்று அவர்கள் யோசிப்பதைப் பார்த்து யோசித்தார்கள்.

ஜானகிராமன் பென்சில் முனை மழுங்கும்வரை எழுதினார். இருநூற்றுப் பதினோரு கேள்விக்குறி. ஒரே ஒரு டிக். அது நான்.

"அண்ணே, பின்னாடி தெருவுல அறுபதுதான். நீங்க எங்கேயோ போயிட்டீங்க!" என்றார். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது! காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த சத்தம் மத்தியானம் வரை தெருவையே குலுக்கியது. கூரையிலிருந்து மண் கொட்டியது. நூற்றெண்பது அடியில் ஈரம். இருநூற்றுப் பத்தில் தண்ணீர்! பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியது. பெண்கள் குலவையிட்டார்கள். எட்மண்ட் நனைந்துகொண்டே ஆடினார். நானும் என்னை மறந்து, "வாழ்க! வாழ்க!" என்று கத்தினேன். யார் வாழ்க என்று சொல்லத் தோன்றவில்லை. ஒரு கை அள்ளிக் குடித்தேன். இனித்தது. பாழாய்ப்போன கண் வேறு கலங்கியது.

அடிபம்பைப் பொருத்தி முடித்ததும் ஜானகிராமன் என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, உங்க பட்டியல் பூராவும் தப்பு. ஜீப் கிடையாது. ஆனா ஒண்ணு. ரெண்டே நாள்ல ஒரு தெருவையே ஒரே வார்த்தை பேச வச்சது யாரு? அந்த ஆள்தான் நம்ம தொகுதிக்கு வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் அத்தனை பேரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். தாயம்மாள் பம்பை அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. முப்பது வருடத்தில் முதன்முறையாக! தாயம்மாள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"அரிசியை ஊறவச்சிகீறேன். ரெண்டு குடம் அடிச்சி வை" என்றாள். மைக் வேலை செய்துகொண்டிருந்தது. வேலப்பன்சாவடி வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அவள் பேச்சு எப்படி என்று கேட்காதீர்கள். என் இரண்டு மணி நேரப் பேச்சை இரண்டு வரியில் பேசினாள். "ஊட்டுல தண்ணி கீதா? இல்லையா? அப்போ வந்தவங்களாண்ட கேளு." அவ்வளவுதான். போகிற தெருவெல்லாம் கூட்டம். எங்கள் தெருக் கேள்விக்குறிகளையெல்லாம் அவளே உட்கார்ந்து டிக் ஆக்கினாள். ஞானகுமாரி, அங்கம்மா, புஷ்பா, எட்மண்ட், எல்லோரும் டிக்.

ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் முன்பு அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க டிக். நடுவில் ஒரே ஒரு கேள்விக்குறி. பெயரைப் படித்தேன். கஜபதி.

"தாயம்மா! எனக்கா கேள்விக்குறி? ஆறு முறை ஜெயிலுக்குப் போன எனக்கா?"

"கத்தாதேய்யா. எல்லாம் டிக்குனா ஜீப்பு இந்தத் தெருவுக்குத் திரும்புமா? பம்பைச் சுத்தி ஒரே சேறு. நேத்து அங்கம்மா வழுக்கி உயுந்தா. சிமெண்ட் போட்டு முடிக்கிறவரைக்கும் ஒருத்தராச்சும் யோசிச்சிகினு இருக்கணும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"மத்தவங்களுக்கெல்லாம் வேலை கீது."

அன்று சாயங்காலமே ஜானகிராமன் வந்தார். கூட இரண்டு பேர். என் தோளில் துண்டைப் போர்த்தினார். பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்களுக்குக் கட்சி மேல ஏதோ வருத்தம்னு கேள்விப்பட்டேன். உங்களை மாதிரி தியாகியை நாங்க கவனிக்காம விட்டது தப்பு. உங்களுக்கு என்ன வேணும்? வாயைத் திறந்து சொல்லுங்க."

முப்பது வருடமாக இந்தக் கேள்வியை எவனாவது கேட்கமாட்டானா என்று ஏங்கியவன் நான். ஆறு சிறையும், பசை வாளியும், காரில் போகிறவனும், வாங்கிய அடியும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்துவிட்டன. எழுந்து நின்றேன். துண்டைச் சரிசெய்தேன். சரித்திரத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அடுப்பங்கரையில் தாயம்மாள் லேசாக இருமினாள்.

"நாலு மூட்டை சிமெண்ட்" என்றேன்.